டெல்லி வண்டியும் திருப்பூர் வண்டியும்: பழைய ஜிஎல் 350 ஒன்றை வாங்கியதன் நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் நார் மில்லும் வைத்திருக்கும் குடும்பம் அது. வால்பாறையில் சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. பெரியவர்கள், குழந்தைகள் என்று வீட்டில் ஏழு பேர். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் மூச்சு வாங்கக் கூடாது, மழைக்காலத்துத் தோட்டத்து மண்பாதையில் சக்கரம் சுழன்று நிற்கக் கூடாது, பெரியவர்களின் இடுப்பை உலுக்கக் கூடாது. மகன் தேடிய வண்டிக்கு இவைதான் நிபந்தனை. கையில் 25 லட்சம். அந்தக் காசுக்குப் புது ஷோரூம் வண்டிகளே நன்றாகக் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் மனது 2014 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல் 350 சிடிஐ என்ற பெரிய டீசல் எஸ்யூவி மேல் விழுந்திருந்தது.

கோவையில் பழைய சொகுசு வண்டிகளை வாங்குகிறவர்களுக்காகச் சோதித்துச் சொல்வது என் தொழில். என்னிடம் வரும்போதே அவர் இரண்டு வண்டிகளைக் குறித்து வைத்திருந்தார். ஒன்று டெல்லிப் பதிவெண், ட்ரெயிலரில் ஏற்றிக் கொண்டுவந்து கோவையில் ஒரு வியாபாரியின் ஷெட்டில் நின்றது. மீட்டரில் 82,000 கிலோமீட்டர், கேட்ட விலை பதினைந்தரை லட்சம். இன்னொன்று திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக்காரருடையது. முதல் ஓனர், 1,64,000 கிலோமீட்டர், விலை 20 லட்சம்.

"ஏனுங்ணா, நாலரை லட்சம் கம்மி, ஓட்டமும் பாதி. இதுல யோசிக்க என்னங்க இருக்குது?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். இந்த ஆய்வு முழுக்க அந்த நாலரை லட்சத்தைப் பற்றியது.

டெல்லி வண்டி ஏன் மலிவு?

2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி தலைநகர் வட்டாரத்தில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பெட்ரோலுக்கு 15 ஆண்டு. மற்ற ஊர்களில் 15 ஆண்டு ஆர்சி உள்ள அதே டீசல் வண்டி, அங்கே பத்தாவது பிறந்தநாளில் சாலைக்கு ஆகாததாகிவிடும் என்பதுதான் அன்றைய நிலை. என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம், இல்லையேல் காயலான் கடை. முக்கால் கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியைக் காயலானுக்குப் போட யாருக்கு மனது வரும்? அதனால்தான் ஒன்பதாவது ஆண்டு முடியும்போதே அங்கே விலை சரியத் தொடங்கியது. வாங்கி வேறு மாநிலங்களுக்கு அனுப்புவதே ஒரு தனி வியாபாரமாக வளர்ந்துவிட்டது.

நாங்கள் வண்டி பார்த்தது 2025 கோடையில். ஜூலை 1 முதல் வயது முடிந்த வண்டிகளுக்கு டெல்லி பங்குகளில் எரிபொருளே போடக் கூடாது என்று காற்றுத்தர மேலாண்மை ஆணையம் ஏப்ரலில் அறிவித்திருந்தது. விற்கிறவர்களுக்கு அவசரம், வியாபாரிகளுக்கு அறுவடை. இந்த மலிவுக்குச் சட்டமே காரணம், வண்டியில் குறை இருப்பதாக அர்த்தம் இல்லை. அதே சமயம், குறை இல்லை என்பதற்கும் அது சான்று ஆகாது. பத்தாவது ஆண்டில் விற்றே தீர வேண்டும் என்று தெரிந்த ஓனர், எட்டாவது ஆண்டிலிருந்தே பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போடுவார். டெல்லி வண்டியில் நான் முதலில் தேடுவது இந்தத் தள்ளிப்போட்ட செலவைத்தான்.

ஷெட்டில் பார்த்தது

நாங்கள் போனபோது வண்டி கழுவி, மெழுகு போட்டு, டயருக்குக் கருப்படித்து நின்றது. பானட்டில் கை வைத்தேன், சுட்டது. வாடிக்கையாளர் வருகிறார் என்றதும் முன்னாடியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சினின் குறைகள் பெரும்பாலும் குளிர்ந்த முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். ஸ்டார்ட்டின்போது சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் போயிருந்தால் திணறும், வெள்ளைப் புகை வரும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடி வாஷர் கசிந்தால் 'சிக் சிக்' என்று மூச்சு விடும் சத்தம் கேட்கும். சூடான எஞ்சினில் இவற்றில் பாதி மறைந்துவிடும். எனவே அன்று ஒன்றும் செய்யவில்லை. இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் விடச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு அளவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த அளவு ஏர் சஸ்பென்ஷனுக்கானது. ஜிஎல் வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. ரப்பர் பத்து வருடத்தில் மடிப்புகளில் வெடிக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை, கதவைத் திறப்பதற்கு முன் மீண்டும் அளக்க வேண்டும். கதவைத் திறந்தால் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு மட்டத்தைச் சரிசெய்யப் பார்க்கும், கம்ப்ரஸரும் ஓடத் தொடங்கும், அளவு பொய்யாகிவிடும். மறுநாள் காலை முன் இடது மூலை தரையைப் பார்த்து இறங்கியிருந்தது. ஒரு பை கசிகிறது. பை கசிவதோடு போகாது. அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் சேர்ந்து சாகும்.

அடுத்து எஞ்சின். மெர்சிடிஸ் 2005-இல் கொண்டுவந்து பல வருடம் பல மாடல்களில் போட்ட ஓஎம்642 என்ற 2987 சிசி வி6 டீசல் இது. அடிப்படையில் உறுதியான எஞ்சின். ஒழுங்காக ஆயில் மாற்றினால் லட்சக்கணக்கில் ஓடும். ஆனால் உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த இரண்டு பலவீனங்கள் அதற்கு உண்டு.

முதலாவது ஆயில் கூலர் சீல். இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்கு அடியில், ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. டர்போவின் வெப்பத்தில் அதன் ரப்பர் சீல்கள் இறுகிப் போய்க் கசியும். பின்னாளில் வேறு ரப்பரில் செய்த சீல்கள் வந்த பிறகு கசிவு குறைந்ததே தவிர ஒழியவில்லை. கசிந்த ஆயில் பள்ளத்தில் தேங்கி, எஞ்சினின் பின்பக்கம் வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கீழேயிருந்து பார்க்கிற மெக்கானிக் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போய்விட்டது என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கிவிடுவார். சீல் என்னவோ சில நூறு ரூபாய் சாமான்தான். அதைத் தொட டர்போவையும், காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுகளையும் கழற்ற வேண்டும். கூலிதான் செலவு.

இரண்டாவது, அந்த மேனிஃபோல்டுக்குள் காற்றைச் சுழலவிடும் சுழல் மடல்களை இயக்கும் சின்ன மோட்டார். டர்போவுக்குக் காற்று போகும் குழாயின் சீல் கசிந்தால் ஆயில் நேராக அந்த மோட்டாரின் தலையில்தான் சொட்டும். மோட்டார் சாகும், செக் எஞ்சின் விளக்கு எரியும், வண்டி இழுவை குறைந்து நொண்டும். அதை முறையாக மாற்றுவதும் மேலிருந்து எல்லாவற்றையும் பிரிக்கிற வேலைதான். அதனால் சிலர் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பத்து ரூபாய் ரெசிஸ்டர் ஒன்றை அதில் சொருகிவிட்டால், மோட்டார் இருப்பதாகவே கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். விளக்கும் அணைந்துவிடும்.

பிளாஸ்டிக் கவரைக் கழற்ற வியாபாரி முதலில் சம்மதிக்கவில்லை. "கம்பெனி சீல் சார், கை வைக்காதீங்க." வெறும் அழுத்தி மாட்டுகிற மூடி அது, சீலெல்லாம் ஒன்றுமில்லை. கடைசியில் சம்மதித்தார். குழாய்க் கேமராவைப் பள்ளத்துக்குள் இறக்கினோம். திரையில் கருப்பாக, தூசி படிந்து களிம்பு போல ஆயில் தேங்கியிருந்தது. முன்பக்கம் வெளிச்சம் அடித்தால், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு பிளக். டேப்பைப் பிரித்தால் நான்கு வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர். பொள்ளாச்சிக்காரரிடம் காட்டினேன். "இது ரேடியோப் பொட்டிக்குள்ள இருக்கறதுங்ளே" என்றார். ஆமாம், அதேதான்.

மீட்டர் கதை இதைவிடச் சுவாரஸ்யம். ஓட்டுநர் சீட்டின் வெளி விளிம்புத் தோல் நசுங்கி வெடித்திருந்தது, பிரேக் பெடல் ரப்பரின் ஒரு மூலை வழவழவென்று தேய்ந்திருந்தது. 82,000-க்கு இது அதிகம். ஆனால் சந்தேகம் சாட்சி ஆகாது. பென்ஸுக்கென்றே உள்ள ஸ்கேனரைப் போட்டோம். இந்த மாதிரி வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், ஏர்பேக் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்யூட்டர். ஒரு எரர் விழும்போது, அது விழுந்த நேரத்தில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதையும் சில கம்ப்யூட்டர்கள் சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரில் காற்றழுத்தம் பற்றிய பழைய எரர் ஒன்று கிடந்தது. அது பதிவானபோது ஓட்டம் 1,37,000-க்கு மேல்.

82,000 ஓடிய வண்டியில் 1,37,000-இல் ஒரு எரர். டேஷ்போர்டில் எண்ணைக் குறைத்தவர் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரின் நினைவைத் துடைக்க மறந்துவிட்டார். வியாபாரியிடம் திரையைக் காட்டியபோது அவர் முகம் மாறவே இல்லை. "டெல்லியிலேயே இப்படித்தான் சார் வந்துச்சு" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். நமக்கு அதில் பயன் இல்லை.

டயரையும் குறிப்பிட வேண்டும். முன் இரண்டும் ஒரு கம்பெனி, பின் இரண்டும் வேறு கம்பெனி. பக்கவாட்டில் வாரமும் வருடமும் காட்டும் நான்கு இலக்க எண்ணில் நான்கு வருட வித்தியாசம். சாதாரணக் காரில் இது பெரிய விஷயம் இல்லை. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு வேறுபட்டால் அந்த வித்தியாசத்தை, நடுவில் இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் ஓயாமல் சுமக்க வேண்டும்.

வண்டிக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூலை யமுனை வெள்ளத்தை நினைத்து சீட் பெல்ட்டுகளைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம், சீட் தண்டவாளம், முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரிக் குழி, தரை விரிப்பின் அடிப் பஞ்சு எல்லாம் பார்த்தோம். சேறு, துரு எதுவும் இல்லை. சேசிஸும் நேராக இருந்தது. உடம்பு நல்ல உடம்பு, கவனிக்க ஆளில்லாமல் போனது.

காகிதம்

எஞ்சின் குறைகளுக்கெல்லாம் விலை உண்டு, பேசிக் குறைக்கலாம். காகிதத்தில் அப்படிப் பேரம் இல்லை. ஆர்சி டெல்லி ஓனர் பெயரில் இருந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-உம் 30-உம் தேதி போடாமல், வாங்குகிறவர் பெயர் இல்லாமல், வெறும் கையெழுத்தோடு இருந்தன. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையில் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததும் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய விதி இருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் வண்டிக்குப் பொறுப்பாளி யார் என்று தெரியும். இவரிடம் அந்த அங்கீகாரம் இல்லை. நாளை ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்காரர் டெல்லியில் முன்பின் பார்க்காத ஒருவரைத் தேட வேண்டும்.

படிவம் 28-இல் என்ஓசி வாங்கியிருந்தார்கள், அது சரி. வங்கிக் கடன் முடிந்ததற்கான படிவம் 35 இருந்தது, பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்திலும் கடன் நீங்கியிருந்தது. அபராதச் சலான்கள் சில கட்டாமல் கிடந்தன. இதெல்லாம் சில்லறை. பெரியது ஆயுட்கால வரி.

வெளிமாநில வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு மாற்றும்போது இங்கே வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் வரி உயர்ந்த பிறகு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப சதவீதம் குறையும். ஆனால் அந்தச் சதவீதம் எதன் மேல் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் கொடுத்த பதினைந்தரை லட்சத்தின் மேல் அல்ல, வண்டியின் அசல் விலை மேல். அசல் விலை முக்கால் கோடியைத் தாண்டும்போது சதவீதம் எவ்வளவு இறங்கினாலும் தொகை லட்சங்களில்தான் நிற்கும். டெல்லியில் கட்டிய வரியில் மிச்ச காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஏட்டில் உண்டு. அந்த ஓனருக்கு அதில் அக்கறை இல்லை, வியாபாரிக்கு அதைவிட இல்லை.

"டெல்லி நம்பர்லயே ஓட்டுங்க சார், யாரு கேப்பாங்க?" என்று வியாபாரி ஒரு யோசனையும் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்கியே ஆக வேண்டும் என்கிறது. வரிப் பொறுப்பு அதற்கு முன்பே வந்துவிடும். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான வெள்ளை வண்டி, டெல்லி நம்பர், பொள்ளாச்சி ரோட்டில். யார் கேட்காமல் இருப்பார்கள்?

போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டார், பாதித் தொகையை ரொக்கமாக. ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்குகிறவருக்குத்தான். ஆனால் பாதிப் பணத்துக்கு ரசீதில்லாமல் போவது நமக்கு.

திருப்பூர் வண்டி

இங்கே பானட் குளிர்ந்திருந்தது. கழுவிக்கூட வைக்கவில்லை. பின் பம்பரில் ஒரு கீறல், இடது பின்கதவு மட்டும் ஒருமுறை பெயின்ட் அடித்தது, கண்ணாடியில் கல்லடிபட்ட புள்ளி. பளபளப்புப் போட்டி என்றால் டெல்லி வண்டிதான் ஜெயிக்கும்.

ஓனர் எங்களோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "மத்ததெல்லாம் டிரைவர்கிட்ட கேட்டுக்கங்க" என்று உள்ளே போய்விட்டார். அதுதான் எங்களுக்கு வேண்டியதும். வண்டி வந்த நாளிலிருந்து அதை ஓட்டும் டிரைவர் அவர். பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கொச்சி என்று நெடுஞ்சாலை ஓட்டம். "எடுத்தவுடனே மிதிக்கக் கூடாதுங்க. வந்து நின்னவுடனே ஆஃப் பண்ணவும் கூடாது, ஒரு நிமிசம் ஓட விடணும். டர்போ கொதிச்சுட்டு இருக்கும்ல" என்றார். ஸ்கேனர் சொல்லாத தகவல் இது. ஒரு வண்டி யார் கையில் இருந்தது என்பதை அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குக் கிலோமீட்டர் பயம் அதிகம். அந்தப் பயம்தான் மீட்டர் குறைக்கிறவர்களுக்குச் சோறு போடுகிறது. டீசல் எஞ்சினுக்கு ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டம்தான் கெடுதல். வெப்பம் ஏறாமல் கரி படியும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு அடைக்கும், சுழல் மடல்கள் ஒட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 1,64,000-ஐ, டெல்லி நெரிசலில் ஊர்ந்த 82,000-க்கு மேலாகவே வைப்பேன். அந்த 82,000-உம் பொய் என்னும்போது பேச்சே இல்லை.

டிரைவர் ஒரு தடிமனான ஃபைலை எடுத்து வந்தார். பில்கள் தேதி வாரியாக. எஞ்சின் ஆயில் ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்தை ஒட்டி மாற்றியிருந்தார்கள். ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸின் ஆயிலும் ஃபில்ட்டரும் இரண்டு முறை. கியர் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று சொல்வார்கள், யாருடைய ஆயுள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆயில் கூலர் சீல்களும் சுழல் மடல் மோட்டாரும் ஒரே நேரத்தில் மாற்றிய பில் 2021-இல் இருந்தது. யாரோ விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒரே பிரிப்பில் இரண்டையும் முடித்திருக்கிறார். முன்பக்கக் காற்றுப் பை ஸ்ட்ரட்டுகள் இரண்டும் 2020-இல். பின்பக்கம் வண்டியோடு வந்தவையே.

இரவு நிறுத்தி அளந்ததில் பின் வலது லேசாக இறங்கியிருந்தது. பள்ளத்துக்குள் கேமரா விட்டோம், சுத்தம். ஸ்கேனரில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே கதையைச் சொன்னது. ஆறு இன்ஜெக்டர்களுக்கும் கம்ப்யூட்டர் தரும் டீசல் திருத்த அளவுகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது, கவனிக்கலாம் என்ற அளவில். ஏறிக் கொஞ்ச தூரம் அவிநாசி சாலையில் ஓட்டியபோது 80-இல் லேசான அதிர்வு, முன் பிரேக் டிஸ்க் வளைந்ததால் வருவது.

கணக்கு

அன்று மாலை இரண்டு வண்டிக்கும் ஒரே தாளில் கணக்குப் போட்டோம். டெல்லி வண்டிக்கு உடனடியாகச் செய்தே ஆக வேண்டியவை: ஆயில் கூலர் சீலும் மோட்டாரும் சேர்த்துக் கோவைத் தனியார் பட்டறையில் ஒன்றேகால் லட்சம், முன் காற்றுப் பை இரண்டும் கம்ப்ரஸரும், வெளிக்கம்பெனி சாமான் போட்டால் இரண்டு லட்சத்தை ஒட்டி, நான்கு டயர் ஒரு லட்சம், எப்போது மாற்றியதென்று தெரியாத எல்லா ஆயில்களும் எழுபதாயிரம். கிட்டத்தட்ட ஐந்து லட்சம். வரியைச் சேர்ப்பதற்கு முன்பே நாலரை லட்ச லாபம் கரைந்துவிட்டது. வரியைச் சேர்த்தால் டெல்லி வண்டி திருப்பூர் வண்டியைத் தாண்டிப் போய்விட்டது. கைக்கு வருவதோ உண்மையான ஓட்டம் என்னவென்றே தெரியாத வண்டி.

வியாபாரி கடைசியாக ஒன்றரை லட்சம் இறங்கி வந்தார். அப்போதும் வேண்டாம் என்றேன். பழுதுக்கு விலை போடலாம். மீட்டரைக் குறைத்து ரெசிஸ்டர் சொருகிய கை வேறு என்னென்ன செய்து வைத்திருக்கிறது என்பதற்கு எந்த விலையைப் போடுவது?

திருப்பூர் ஓனரிடம் பின் காற்றுப் பை, பிரேக் டிஸ்க் இரண்டையும் எழுதிக் காட்டினோம். மனிதர் பேரம் பேசுகிறவர் இல்லை. எழுபத்தைந்தாயிரம் குறைத்துக்கொண்டு பத்தொன்பதேகால் லட்சத்துக்கு முடித்தார். முழுத் தொகையும் வங்கி வழியாக. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, பெயர் மாற்றம் முடியும் வரை ஒரு சிறு தொகை நிறுத்தி வைக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இதற்கு மறுக்கிற ஓனரிடம் நான் வண்டி வாங்கச் சொல்வதில்லை. ஒரே மாநிலம் என்பதால் என்ஓசி, வரிச் சிக்கல் எதுவும் இல்லை. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் புதுப் பெயருக்கு மாற்றச் சொன்னேன். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது. பலர் இதை கிளெய்ம் செய்யும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

வாங்கிய பிறகு

முதல் மாதத்திலேயே எல்லா ஆயிலும் மாற்றினோம்: எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்-பின் டிஃபரன்ஷியல். எஞ்சினுக்கு மட்டும் எட்டு லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். மொத்தம் 70,000. முன் டிஸ்க்கும் பேடும் 60,000. மழைக்காலம் தொடங்கும்போது பின் வலது காற்றுப் பை முழுக்க விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றியதில் 95,000. பிறகு பேட்டரிகள், 35,000. ஆக இரண்டு லட்சத்து அறுபதாயிரம். பெட்ரோல் பங்க் கணக்கு தனி. 100 லிட்டர் டேங்க், நிரப்பினால் ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது, லிட்டருக்கு எட்டு ஒன்பதுக்கு மேல் கிடைப்பதில்லை.

அவர் இதற்குத் திடுக்கிடவில்லை. 25 லட்சத்தில் ஐந்தைத் தொடாமல் வைக்கச் சொல்லியிருந்தேன், வைத்திருந்தார். முழு 25-ஐயும் வண்டியிலேயே போட்டிருந்தால், காற்றுப் பை விட்ட அன்று கம்பிச் ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டிருப்பார். அப்படிக் கேட்கிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். இந்த வகை வண்டிக்கு விலையில் கால்வாசித் தொகை தனியாக இல்லை என்றால், ஒரு புது இன்னோவாவே மேல் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

தோட்டத்து மண்பாதையில் வண்டி எதிர்பார்த்தபடியே ஏறுகிறது. ஆனால் இரண்டரை டன் எடை இறக்கத்தில் வேறு குணம் காட்டும். வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் கையால் குறைத்து இறங்கப் பழகச் சொன்னேன். கொண்டை ஊசிகளில் எதிரே அரசுப் பேருந்து வந்தால் இந்த நீளத்தோடு பின்வாங்குவது இன்னும் அவருக்குச் சிரமம்தான். ஊருக்குள் சந்தைப் பக்கம் நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்று அவர் அப்பா பழைய இன்னோவாவைக் கொடுக்க விடவில்லை. அது இன்னும் வீட்டில்தான் நிற்கிறது.

டெல்லிப் பக்கம் நிலைமை அதற்குள் மாறிவிட்டது. ஜூலை 1-இல் தொடங்கிய எரிபொருள் தடை சில நாட்களிலேயே தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 என்ற புகைத் தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. தலைநகர் வட்டாரத்தில் 2010-லேயே பிஎஸ்-4 வந்துவிட்டதால், 2014 ஜிஎல் போன்றவை அந்த நிழலுக்குள் வருகின்றன. அவசரமாக விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் வைத்துக்கொள்வார்கள். இனி அங்கிருந்து இங்கே வரும் வண்டி ஏன் வருகிறது என்ற கேள்வியை முன்பைவிடக் கூர்மையாகவே கேட்க வேண்டியிருக்கும்.

பொள்ளாச்சி வண்டிக்கு அடுத்து வரப்போவது டயர் செலவு. பின் இரண்டில் தேய்மானக் கோடு தெரியத் தொடங்கிவிட்டது. முன் இரண்டும் இன்னும் ஒரு வருடம் தாங்கும்தான், இருந்தாலும் நான்கையும் ஒன்றாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.